வேகமாக வளரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்

போன சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு, கையை முழங்கை வரை பவளத் தொட்டியின் உப்புத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ஒரு பழைய ஷேவிங் பிளேடால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கல்லின் மேல் ஊதா நிறத்தில் தோல் மாதிரி ஒரு பவளப் படலம். ஓரத்தை நகத்தால் கிளப்பி இழுத்தால் சுவரில் ஒட்டின பழைய போஸ்டர் மாதிரி கொஞ்ச தூரம் உரிந்து வருகிறது, பாதியில் அறுந்துபோகிறது, அறுந்த இடத்தில் கல்லின் துளைக்குள் ஒரு இணுக்கு மிச்சம் நிற்கிறது. அந்த இணுக்கு போதும் அதற்கு. இரண்டு மாதத்தில் திரும்ப வந்து நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதைப் பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து சிங்கப்பூர் டாலருக்கு வாங்கி, தொட்டியிலேயே நல்ல இடமாகப் பார்த்து, நடுக் கல்லின் உச்சியில் பசை போட்டு ஒட்டியவன் நான்தான். யாரைக் குற்றம் சொல்ல?

ரீஃப் டேங்க், அதாவது வீட்டில் பவளம் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைக்க ஆசைப்படுகிற எவருக்கும் முதலில் கிடைக்கிற அறிவுரை இதுதான்: சாஃப்ட் கோரலில் (மென்பவளத்தில்) ஆரம்பி, வேகமாக வளரும், லேசில் சாகாது. அறிவுரை தப்பில்லை, நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் எவ்வளவு வேகம் என்று கேட்கிற நாம் எப்படிப் பரவும் என்று கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. பாய் விரித்த மாதிரி படர்ந்து போகிற ஜாதியா, கிளையை உதிர்த்துத் தொட்டி முழுக்கத் தூவுகிற ஜாதியா, காலடியில் ஒரு துணுக்கை விட்டுவிட்டு நகர்ந்து போகிற ஜாதியா, இல்லை இருந்த இடத்திலேயே பெருத்துக்கொண்டு போகிறதா? இது தெரிந்தால் எங்கே வைக்கலாம், வேண்டாமென்றால் எப்படி எடுக்கலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். தெரியாமல் வாங்கினால் ராத்திரி பதினொரு மணிக்குப் பிளேடு.

என் தொட்டி ஒன்றும் பெரிசில்லை. 60 சென்டிமீட்டர் நீளம், கல்லும் மணலும் போக 80 லிட்டர் தண்ணீர் நிற்கும். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் முதல் வேலையாக ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். நமக்குப் பிரச்சினை நேர் எதிர். மத்தியானத்தில் தண்ணீர் சாதாரணமாக 30 டிகிரிக்குப் போய்விடும், விளக்குச் சூடும் சேர்ந்தால் இன்னும் ஏறும். சில்லர் வாங்க அப்போது மனசு வரவில்லை, மேலே ஒரு சின்ன மின்விசிறியை மாட்டினேன். தண்ணீர் ஆவியாகும்போது குளிரும், மண்பானைக் கணக்கு. 27க்கு இறங்கி நின்றது. அதற்குப் பதிலாக ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் காணாமல் போகும். அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். குறைந்த அளவுக்கு உப்புத் தண்ணீரையே கலந்து கலந்து ஊற்றினேன். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது என்கிற ஆறாம் வகுப்புப் பாடம் மூன்று வாரம் எனக்கு உறைக்கவே இல்லை. உப்பின் அளவைக் காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துப் பார்த்தால் 1.025ல் இருக்கவேண்டியது 1.031. உப்பளம் பார்த்து வளர்ந்த தூத்துக்குடிக்காரன் நான், இதை வெளியில் சொல்லக்கூடாதுதான்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் உண்டு. குளோரின் என்றால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும், இது அப்படிச் சீக்கிரம் போகாது. ஆர்ஓ வடிகட்டி வைத்து, அதற்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ பிசினும் வைத்து, கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டுகிற தண்ணீரில்தான் உப்பைக் கலக்கவேண்டும்.

சரி, ஏன் சாஃப்ட் கோரல்? கல்பவளங்கள் தங்களுக்குக் கீழே சுண்ணாம்பு வீட்டைக் கட்டிக்கொண்டே போகும், அதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் உறிஞ்சும், நாம் தினமும் அளந்து அளந்து திரும்பப் போட்டுக்கொண்டிருக்கவேண்டும். மென்பவளங்களுக்கு அந்த வீடு கிடையாது, சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு முட்கள் மட்டும்தான். அதனால் செலவு குறைவு. என் அளவுத் தொட்டியில் வாரம் பத்து சதவீதம் தண்ணீரை மாற்றினாலே போதும், உப்புப் பாக்கெட்டில் இருப்பதே அவற்றுக்குத் தாராளம். சாப்பாட்டுக்கும் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. சதைக்குள் குடியிருக்கிற பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடும். கொஞ்சம் அழுக்கும் அவற்றுக்குப் பிடிக்கும். புதிதாக வருகிறவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். நைட்ரேட் 5லிருந்து 15 வரை, பாஸ்பேட் 0.05 அக்கம்பக்கம் (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு) இருந்தால் மென்பவளம் சந்தோஷமாக இருக்கும். நான் ஆரம்பத்தில் சுத்தம் சுத்தம் என்று இரண்டையும் பூஜ்யமாக்கி வைத்தேன். பவளம் வெளுத்துச் சுருங்கியது, மணல் மேல் குமிழி கோத்த பழுப்புச் சளி படர்ந்தது. டைனோ என்பார்கள். அது போக நாலு மாதம் ஆனது.

அப்புறம், தொட்டியை நிரப்பின மறுநாளே பவளம் வாங்கப் போகாதீர்கள். கழிவைத் தின்கிற நல்ல பாக்டீரியா முதலில் குடியேறவேண்டும்; அம்மோனியா ஏறி, நைட்ரைட் ஏறி, இரண்டும் இறங்கி, நைட்ரேட் தெரிய ஆரம்பிக்க நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். எனக்கு ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் வெறும் கல்லையும் மணலையும் வெளிச்சம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த ஒருவர் மீன் எல்லாம் செத்துப்போச்சா என்று துக்கம் விசாரித்தார்.

கடையில் சாஃப்ட் கோரல் என்ற பெயரில் ஒரே தட்டில் வைத்திருப்பவை எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. அசல் மென்பவளம் என்றால் ஒவ்வொரு மொட்டுக்கும் (பாலிப் என்கிற குட்டி உயிருக்கும்) எட்டு விரல், விரலின் இரு பக்கமும் இறகு மாதிரி சீப்பு வைத்திருக்கும். கிரீன் ஸ்டார், சீனியா, லெதர், கென்யா ட்ரீ எல்லாம் இந்த எட்டு விரல்காரர்கள். மஷ்ரூம், சோவான்தஸ் இரண்டும் வேறு கிளை, கடற்சாமந்திக்கும் கல்பவளத்துக்கும் சொந்தம். எலும்பில்லாததால் கடைக்காரர் சேர்த்து வைத்துவிடுகிறார். பூதக்கண்ணாடியை வைத்து விரலை எண்ணிப் பார்ப்பது ஒரு நல்ல பொழுதுபோக்கு, என் பெண் அதில் கெட்டிக்காரி.

முதலில் வாங்கியது மஷ்ரூம். நீலத்தில் சிவப்புப் புள்ளி போட்ட டிஸ்கோசோமா, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. வெளிச்சம் குறைவாக இருக்கிற அடிப்பக்கம், தண்ணீர் அதிகம் அடிக்காத இடம், இது இரண்டும் கிடைத்தால் கை கால் நீட்டிப் படுத்துவிடும். இடம் பிடிக்கவில்லை என்றால் ஒரு நாள் பிடியை விட்டுவிட்டு மிதந்து போய் எங்காவது பாறை இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். என்னுடையது இரண்டு தடவை காணாமல் போய், மூன்றாவது தடவை அதுவே தேர்ந்தெடுத்த இடத்தில் இன்றுவரை இருக்கிறது. நகரும்போது பாதத்தின் ஒரு துணுக்கை விட்டுவிட்டுப் போகும், அந்தத் துணுக்கு ஒரு குட்டி மஷ்ரூம் ஆகும். மெதுவாகத்தான் பெருகும், ஆரம்பக்காரருக்கு இது நல்ல முதல் பவளம் என்பேன். ஒன்று மட்டும். எலிஃபன்ட் இயர் என்று சாப்பாட்டுத் தட்டளவுக்கு வளர்கிற ஒரு பெரிய சொந்தக்காரன் இருக்கிறான். ஓரங்களைப் பை மாதிரி சுருக்கிச் சின்ன மீனை உள்ளே அமுக்கிவிடுவான். அவன் பக்கம் போகவேண்டாம்.

அடுத்துத்தான் கிரீன் ஸ்டார் பாலிப், சுருக்கமாக ஜிஎஸ்பி. ஊதாப் பாயின் மேல் பச்சைப் புல். நீல விளக்கில் அந்தப் பச்சை மின்னுவதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். வாங்கி வந்து வைத்த பிறகு நாலு நாள் திறக்கவே இல்லை, வெறும் ஊதாத் தோல். ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஐந்தாம் நாள் காலையில் காபியோடு வந்து உட்கார்ந்தால் ஓரத்தில் ஏழெட்டு, மத்தியானம் பாதி, சாயங்காலம் முழுப் பாயும் பச்சை. அதற்குப் பிறகு அதை நிறுத்த ஆள் இல்லை. பாயின் ஓரம் மெல்லிய நாக்கு மாதிரி நீண்டு வெறும் கல்லைத் தேடிப் போகும், போன இடத்தில் குட்டிக் குட்டி மேடு கிளம்பும், மேடு ஒவ்வொன்றும் ஒரு மொட்டாகும். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் தண்ணீர் வேகமாக அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கொட்டித் துரத்துகிற சக்தி பெரிதாக அதற்கு இல்லை, ஆனால் அடியில் புகுந்து மேலே ஏறிவிடும். என் மஷ்ரூம்களில் இரண்டு அந்தப் பாயின் அடியில்தான் எங்கோ இருக்கின்றன.

இதற்காக அதை வாங்கவே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. வைக்கிற இடம்தான் கோளாறு. பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டுங்கள். ஆறு மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பச்சைப் புல்வெளி, பின்னால் போகிற ஒயரும் குழாயும் மறைந்துவிடும், பிடிக்காத நாளில் பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்து ஒரே இழுப்பில் உரித்துவிடலாம், கண்ணாடியில் துளை கிடையாது. இல்லையென்றால் மணலுக்கு நடுவே யாரோடும் ஒட்டாத தனிக் கல், சுற்றிலும் ஒரு கையகலம் மணல். அது மணலைத் தாண்டுவது சிரமம். ஒருபோதும் பெரிய கல்லின் மேல் வைக்காதீர்கள். நான் வைத்த இடம் அது.

சீனியா வேறு கதை. கை மூடித் திறக்கிற பவளம். தண்டின் நுனியில் பூக்கொத்து, ஒவ்வொரு பூவும் குழந்தை கையை மூடி மூடித் திறப்பதைப்போல ஓயாமல் செய்துகொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏல, என்னல இது, யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்கு?" என்றார்கள். அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதற்கு வெகுகாலம் சரியான பதில் இல்லை. இரை பிடிக்கத்தான் என்றால் அதன் வயிற்றில் இரை கிடைப்பதே அபூர்வம். செங்கடலின் ஏய்லாத்தில் இதே குடும்பத்துப் பவளம் ஒன்றைக் கடலுக்கடியில் கேமரா வைத்துக் கவனித்து, 2013ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் ஒரு பதில் சொன்னார்கள். வெளிச்சத்தில் உள்ளே இருக்கிற பாசி ஆக்சிஜனை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், அது அங்கேயே தேங்கினால் பாசியின் சமையல் மந்தமாகிவிடும், மூடித் திறப்பது அந்த ஆக்சிஜனைத் தள்ளிவிட்டுப் புதுத் தண்ணீரைக் கொண்டுவருகிற வேலை. சமையலறைக்குப் புகைபோக்கி மாதிரி என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்பக் கரண்ட் பில்லு யாரு கட்டுறது?" என்றார்கள்.

ஆனால் சீனியாவை நம்பமுடியாது. ஒரு தொட்டியில் களை மாதிரி மண்டும், அதே தெருவில் இன்னொரு தொட்டியில் ஒரே ராத்திரியில் கரைந்து கூழாகிவிடும். என்னிடம் இரண்டும் நடந்தது. முதல் தடவை வாங்கியது பதினொரு நாள். இரண்டாம் தடவை வாங்கியது எட்டே மாதத்தில் இடப்பக்கக் கல் முழுவதும். இது நடக்கிற ஜாதி. தண்டு சாய்ந்து பக்கத்துக் கல்லைத் தொடும், தொட்ட இடத்தில் பிடிக்கும், பிறகு நடுவில் பிரிந்து இரண்டாகும். வெட்டி எடுக்கப் போனால் கல்லில் மிச்சமிருக்கிற அடியிலிருந்து திரும்பக் கிளம்பும்.

தொட்டிக்குள் இது வெறும் தொல்லை. கடலில் அப்படி இல்லை. சீனியாவின் நெருங்கிய சொந்தமான உனோமியா ஸ்டோலோனிஃபெரா இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்தது. அது அலங்கார மீன் வியாபாரத்துக்காக வெனிசுவேலாவின் கரீபியக் கரைக்குக் கொண்டுவரப்பட்டு, மொச்சிமா தேசியப் பூங்கா பக்கம் கடலில் இறங்கி, அங்கிருந்த கல்பவளங்களை மூடிப் படர்ந்துவிட்டது. 2020ல் அதே பவளம் ஹவாயின் பேர்ல் ஹார்பரில் கண்டுபிடிக்கப்பட்டு, இன்றுவரை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் பிளேடால் சுரண்டுவதைத்தான் அங்கே முக்குளிப்பவர்கள் ஏக்கர் கணக்கில் செய்யவேண்டியிருக்கிறது. அதனால் வேண்டாத பவளத்தை, அது ஒட்டின கல்லை, ஏன் தொட்டித் தண்ணீரைக்கூட, கடலிலோ கடலுக்குப் போகிற வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். பாவம் உயிர், கடலில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நண்பர் சொன்னார். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் பயமே. நான் உரித்தெடுத்ததை வெயிலில் நன்றாகக் காயவைத்துத்தான் குப்பையில் போடுகிறேன், நாற்றம் பற்றிக் கேட்காதீர்கள்.

கென்யா ட்ரீ பற்றி அதிகம் சொல்ல இல்லை. முருங்கை மாதிரி, கிளை உதிர்ந்து விழுந்த இடத்தில் மரம். நான் காசு கொடுத்து வாங்கவேயில்லை, வேறொரு பவளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்று ஒன்பது இருக்கிறது. சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, அழகும் சுமார்தான். இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

எனக்குப் பிடித்தது லெதர். கடையில் எல்லாரும் தாண்டிப் போகிற பவளம். சார்கோஃபைடன் என்கிற குடைக்காளான் வடிவத்துக்காரன், விரல் விரலாக நிற்கிற சினுலேரியா, வரிவரியாக மடிந்த லோபோஃபைடன். இவை படராது, உதிராது, நடக்காது. வைத்த இடத்திலேயே பெருக்கும். நான் வாங்கியபோது என் சார்கோஃபைடனின் குடை ஒரு பிஸ்கட் அளவு. இப்போது தோசைத் தட்டில் முக்கால்வாசி வரும், மொட்டெல்லாம் விரித்து நின்றால் காற்றில் ஆடுகிற நாணல் மாதிரி இருக்கும். வேகம் என்றால் இதுவும் வேகம்தான், ஆனால் ஒழுங்கான வேகம்.

ஒரே ஒரு குணத்தை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். திடீரென்று ஒரு நாள் மொட்டை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மழித்த தலை மாதிரி நிற்கும். மறுநாளும் அப்படியே. மேலே மெழுகு பூசின மாதிரி பளபளப்பு வரும், அதில் தூசியும் பாசியும் படியும், பார்த்தால் செத்துக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கும். முதல் தடவை நான் பதறிப்போய்த் தண்ணீரைப் பாதி மாற்றி, இடத்தை மாற்றி, விளக்கைக் குறைத்து, செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தேன். அது தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். மேல் படலத்தை மெழுகுத்தாள் மாதிரி கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வாரம் பத்து நாளில் முன்னைவிட நன்றாக விரியும். நாம் செய்யவேண்டியது தண்ணீர் அதன் மேல் நன்றாக அடிக்கும்படி பார்த்துக்கொள்வது, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. இரண்டாவதுதான் கஷ்டம்.

லெதருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற முள்ளும் இல்லை, ஓடும் இல்லை, பலமாகக் கொட்டவும் வராது. அதனால் வேதிப்பொருளை வைத்துப் போர் புரிகிறது. டெர்பீன் வகைச் சரக்குகளைத் தண்ணீரில் விடும், பக்கத்தில் கல்பவளம் இருந்தால் அது வளராமல் சோர்ந்து நிற்கும். சின்னத் தொட்டியில் லெதர் வைத்திருப்பவர்கள் ஒரு சின்னப் பையில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதம் ஒரு தடவை மாற்றுவது நல்லது. வெட்டிப் பெருக்குவதும் சுலபம். குடையைப் பிளேடால் கேக் மாதிரி வெட்டலாம், வெட்டின துண்டும் பிழைக்கும் அடித்தண்டும் புதுக் குடை விடும். சளி விடுவதால் சூப்பர் க்ளூ நிற்காது. துண்டைச் சின்னக் கல்லின் மேல் வைத்து வலைத்துணியால் லேசாகக் கட்டி, பத்து நாள் தண்ணீர் மெதுவாக ஓடுகிற இடத்தில் வையுங்கள்.

போன ஜூலையில் கடற்கரைத் தன்னார்வலர்கள் சிலரோடு விடிகாலைப் படகில் இங்கே தெற்குத் தீவு ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்த மாதங்களில் ஆழமான வற்றம் விடிவதற்கு முன்னால் வரும். கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், முழங்கால் தண்ணீரில்கூட இல்லை, வெறும் காற்றில், சேற்றுக்கும் கடற்புல்லுக்கும் நடுவே லெதர் பவளங்கள் நனைந்த தோல் செருப்பு மாதிரி தொங்கிக்கொண்டு கிடந்தன. பின்னால் கப்பல்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் விளக்கு, கலங்கின தண்ணீர். தண்ணீர் ஏறினதும் மறுபடி விரித்துக்கொள்ளும். வீட்டில் 27 டிகிரியா 27.5ஆ என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது.

சோவான்தஸைப் பற்றி நீளமாக எழுதினால் சண்டை வரும், ஒரு மொட்டை ஐம்பது வெள்ளிக்கு விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விதவிதமான நிறம், விதவிதமான பட்டப்பெயர். சாதாரண நிறங்கள் மலிவு, வேகமாகவும் வளரும். வண்ணத்துக்கு இதைவிட நல்ல பவளம் இல்லை. ஆனால் இதன் சொந்தக்காரன் பாலிதோவாவிடம் விஷம் இருக்கிறது. ஹவாயின் மாவி தீவில் ஹானா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பாறைக் குட்டையில் ஈட்டி முனையைத் தோய்த்தால் குத்துப்பட்டவன் பிழைக்கமாட்டான் என்று ஒரு பழங்கதை உண்டு. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மூரும் ஷோயரும் அந்தப் பாலிதோவாவிலிருந்து விஷத்தைப் பிரித்து 1971ல் வெளியிட்டார்கள், பாலிடாக்சின் என்று பெயர். உயிரினங்கள் உண்டாக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. எல்லாச் சோவான்தஸிலும் அது ஆபத்தான அளவு இருக்காது, எதில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. கொஞ்சம் பெரிய, பழுப்பு நிற மொட்டு, தண்டைத் தொட்டால் மணல் ஒட்டின மாதிரி நறநறப்பு என்றால் பாலிதோவா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் விளையாடுவதே இல்லை. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொடுவதில்லை. வெட்டும்போது சாறு பீச்சி அடிக்கும், நேராகக் கண்ணுக்கு வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், இது ஒட்டியிருந்த கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றுவதோ கொதிக்கவைப்பதோ கூடவே கூடாது. கொதியில் அந்த விஷம் அழியாது, ஆவியோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகும். 2018ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. சின்னக் குழந்தை இருக்கிற வீடு என்றால் இந்தப் பவளத்தைக் கொஞ்ச வருஷம் தள்ளிப்போடலாம், தப்பில்லை.

வாங்கவே கூடாதது ஒன்றும் இருக்கிறது. கடையில் எல்லாவற்றையும்விட அழகாக, சிவப்பும் ஆரஞ்சுமாக, கண்ணாடியால் செய்த பூங்கொத்து மாதிரி நிற்கும். டெண்ட்ரோநெஃப்தியா, கார்னேஷன் கோரல் என்று எழுதி வைத்திருப்பார்கள். இதுவும் சாஃப்ட் கோரல்தானே என்று கேட்டேன், ஆமாம், சுலபம்தான் என்றார் கடைக்காரர். 35 வெள்ளி. அதன் சதைக்குள் பாசியே கிடையாது, வெளிச்சத்தில் வைத்தாலும் இருட்டில் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான், ஓடுகிற தண்ணீரிலிருந்து மிகச் சின்ன உணவுத் துகள்களை இரவும் பகலும் வடிகட்டிச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். வீட்டுத் தொட்டியில் அதைக் கொடுப்பது நடக்காத காரியம். ஐந்து வாரம் கண் முன்னாலேயே பட்டினி கிடந்து சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இது வெளிச்சத்தில் பிழைக்கிற ஜாதியா என்பதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையில் ஒதுங்கின பவளக்கல்தானே, தொட்டியில் போட்டால் என்ன என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறீர்கள். வேண்டாம். கல்பவளங்களும் கடல்விசிறிகளும் 2001லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளை 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் தோணி தோணியாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் பக்கத்து மீனவர்கள் பார் என்று சொல்கிற கடலடிப் பாறைகள் அவை. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பார் போனதும் தீவுகள் கரைய ஆரம்பித்தன, இரண்டு தண்ணீருக்கடியில் போயே போய்விட்டன, வான்தீவைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைக் கற்களை இறக்க வேண்டியிருந்தது. தொட்டிக்குக் காய்ந்த பீங்கான் கல்லோ செயற்கைக் கல்லோ வாங்குங்கள், நல்ல பாக்டீரியா அதிலும் குடியேறும். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஐந்து வாரம் காத்திருந்து, அடியில் ஒரு மஷ்ரூம். அது ஒரு மாதம் நன்றாக இருந்தால் நடுக் கல்லில், நான் ஜிஎஸ்பியை ஒட்டின அதே உச்சியில், ஒரு லெதர். சுற்றிலும் அது பெருக்க ஒரு சாண் இடம் காலி. ஜிஎஸ்பி பின்கண்ணாடிக்கு. சோவான்தஸ் ஒன்றிரண்டு நிறம், மணலில் தனிச் சின்னக் கல்களில், கையுறையோடு. சீனியா அம்மாவுக்காக வைப்பேன், தனித் தீவில். எது வாங்கினாலும் அது ஒட்டி வந்த பிளக்கை (கடையில் பவளத்தை ஒட்டித் தருகிற சின்னக் கட்டையை) தூக்கி எறிந்துவிட்டுப் பவளத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன். முன்பு சொன்ன கென்யா ட்ரீ, கண்ணாடிப் பூ மாதிரி நின்று கொட்டுகிற ஐப்டேசியா, குழாய் கட்டுகிற நத்தை எல்லாம் எனக்கு பிளக்கின் அடிப்பக்கத்தில்தான் வந்து சேர்ந்தன. அயோடின் கலந்த உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி, ஒரு தடவை ஆட்டி, கீழே என்ன விழுகிறது என்று பார்த்துவிட்டு வைக்கலாம். ஒரு தடவை விழுந்ததில் இரண்டு புழு நெளிந்துகொண்டிருந்தது, அன்றையிலிருந்து முக்காமல் எதையும் வைப்பதில்லை.

சனிக்கிழமை உரித்ததில் உள்ளங்கை அளவுக்கு நல்ல துண்டு ஒன்று முழுசாக வந்தது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகத் தொட்டி வைத்திருக்கிற ஒரு தம்பி நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு பையில் தண்ணீர் கட்டி, ஞாயிற்றுக்கிழமை எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குக் கீழே கொடுத்தேன். "அண்ணே, இது சாகாதுல்ல?" என்றான். சாகாது, அதுதான் சிக்கல் என்று ஆரம்பித்து, பின்கண்ணாடி, தனிக் கல், கையகல மணல் எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். ராத்திரி படம் அனுப்பியிருந்தான். அழகான தொட்டி. நடுக் கல்லின் உச்சியில், விளக்குக்கு நேர் கீழே, ஊதாத் துண்டு.